டிடக்டிபிள் தீராத நேரத்தில் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: டாலஸில் இருக்கிறீர்கள். பாட்மின்டன் ஆடும்போது வலது முட்டி திரும்பி, மூன்று வாரமாக வீக்கம் வற்றவில்லை. டாக்டர் எம்ஆர்ஐ எழுதி, பக்கத்து மருத்துவமனையிலேயே தேதியும் போட்டுவிட்டார். அங்கிருந்து வந்த எஸ்டிமேட் 1,850 டாலர். குடும்ப டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்குமுன் வருடத்தில் நீங்களே கட்டவேண்டிய தொகை, 4,000. இந்த வருடம் அதில் 400தான் கழிந்திருக்கிறது. “மாசாமாசம் சம்பளத்துல இன்சூரன்ஸுக்குப் பிடிக்கிறாங்க, அப்புறமும் முழுசையும் நானே கட்டணுமா? வேற இடத்துல குறைவா எடுக்க வழி இருக்கா அக்கா?”

கட்டத்தான் வேண்டும். குறைவாக எடுக்கவும் வழி இருக்கிறது. பல ஊர்களில் பாதிக்கும் கீழேயே கிடைக்கும். ஆனால் “எங்கே மலிவு” என்று மட்டும் தேடினால் போதாது. இந்த வருடம் உங்கள் டிடக்டிபிள் நிரம்புமா, நிரம்பாதா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆறு வருடம் ராத்திரி ஷிஃப்டில் ஏஆர் காலர் வேலை பார்த்தவள். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, ரேடியாலஜி கிளெயிமுக்கு (இன்சூரன்ஸுக்கு அனுப்பிய ஸ்கேன் பில்லுக்கு) ஏன் இன்னும் பணம் வரவில்லை என்று விசாரிப்பதுதான் வேலை. திரையில் நாங்கள் அதிகம் பார்த்த எழுத்து பிஆர்-1. நோயாளியின் பொறுப்பு, டிடக்டிபிளில் போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் எங்களுக்கு அப்பாடா என்று இருக்கும். கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பில்லை நோயாளி பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கணக்கைத் திறக்கலாம். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்த இரண்டாம் வருடம் அதே பிஆர்-1 எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கே வந்தது.

ஒரே முட்டிக்கு ஏன் இத்தனை விலை? முட்டி எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் எடுத்தால், அதற்கு சிபிடி கோடு, அதாவது பில்லில் அந்தச் சேவையைக் குறிக்கும் எண், 73721. மருத்துவமனையில் எடுத்தாலும் தனி ஸ்கேன் சென்டரில் எடுத்தாலும் இதே கோடுதான். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது: மெஷினில் படுக்கவைத்துப் படம் எடுப்பது ஒன்று, ரேடியாலஜிஸ்ட் அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது இன்னொன்று. தனி சென்டர் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து ஒரே பில்லாகப் போடும். மருத்துவமனை படம் எடுத்ததற்குத் தன் பில்லை யூபி-04 என்ற படிவத்தில் போடும். ரேடியாலஜிஸ்ட் குழு தன் பங்கை சிஎம்எஸ்-1500 படிவத்தில் தனியாக அனுப்பும். அதனால்தான் ஒரு ஸ்கேனுக்கு இரண்டு தபால் வருகிறது. உங்கள் 1,850 எஸ்டிமேட்டில் ரேடியாலஜிஸ்ட் பங்கு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

விலை வித்தியாசத்துக்கு மெஷின் காரணமில்லை. ஊரில் பெரிய மருத்துவமனை நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸோடு ரேட் ஒப்பந்தம் போட்ட இடங்களின் பட்டியலில்) இல்லையென்றால் அந்த இன்சூரன்ஸை எந்த முதலாளியும் வாங்கமாட்டார். அதனால் மருத்துவமனை கேட்கும் ரேட்டுக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் இறங்கிவரும். தனி சென்டருக்கு அந்த பலம் கிடையாது. பிரசவம், இதய ஆபரேஷன் எல்லாவற்றுக்குமான பேரத்தில் உங்கள் முட்டியும் சேர்ந்து விலைபோகிறது.

தனி சென்டர் போலத் தெரிவதெல்லாம் தனி சென்டர் இல்லை என்பதை நான் பணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். கணவருக்குத் தோள் வலி. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், ஒரு பீட்ஸா கடைக்கும் நெயில் சலூனுக்கும் நடுவே ஒரு இமேஜிங் சென்டர். வாசலிலேயே பார்க்கிங், உள்ளே நான்கு நாற்காலி. மருத்துவமனைக்கான அடையாளம் எதுவுமில்லை. பெயர்ப்பலகையின் கீழ்வரியில் சின்ன எழுத்தில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர் இருந்ததை வெளியே வரும்போதுதான் பார்த்தேன். ஐந்து வாரம் கழித்து இரண்டு பில். சந்தேகப்பட்டு பில்லிங் ஆபீஸைக் கூப்பிட்டு பிளேஸ் ஆஃப் சர்வீஸ் கோடு என்ன என்று கேட்டேன். 19 என்றார்கள். மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே உள்ள மருத்துவமனைப் பிரிவு என்று பொருள். வளாகத்துக்கு உள்ளே என்றால் 22, சாதாரண கிளினிக் என்றால் 11. ஆறு வருடம் தினமும் பார்த்த எண்கள்! போவதற்கு முன் கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் கேளுங்கள். “ஹாஸ்பிடல் அவுட்பேஷன்ட் டிபார்ட்மென்ட்டாக பில் செய்வீர்களா, இல்லை இன்டிபென்டன்ட் சென்டரா?” இந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் வராத இடத்தில் நான் தேதி வாங்கமாட்டேன். பெரிய ஸ்கேன் சென்டர் செயின்கள்கூடச் சில ஊர்களில் மருத்துவமனையோடு கூட்டு வைத்திருப்பதால், செயின் பெயரை நம்பியும் போகக்கூடாது.

டாக்டர் ஒரு இடத்தை எழுதியிருக்கிறாரே என்று தயங்க வேண்டாம். ஆர்டர் உங்கள் கையில் இருக்கும் சீட்டு; எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இதில் உங்கள் கேள்விக்கென்றே செய்தது போல ஒரு ஆய்வு இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜாக் கூப்பர், ஹார்வர்டின் மைக்கேல் செர்னியூ உள்ளிட்டவர்கள் கால், முட்டி எம்ஆர்ஐ எடுத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்து 2018ல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்து ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போகும் வழியில், சராசரியாக அதைவிட விலை குறைந்த ஆறு இடங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். விலை பார்க்கும் வசதி கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எங்கே எடுப்பது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் அனுப்பிய டாக்டர்தான். டாக்டர் மேல் தப்பில்லை. அவருக்கு விலை தெரியாது, அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வசதியாக வரும் பெயரை அழுத்துகிறார்.

சரி, வேலையைத் தொடங்குவோம். டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்து ஆர்டரின் காப்பியும் அதிலுள்ள சிபிடி கோடும் வாங்குங்கள். 73721 என்றால் கான்ட்ராஸ்ட் இல்லை. 73722 என்றால் கான்ட்ராஸ்ட் உண்டு. 73723 என்றால் ஊசிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. விலை மேலே போய்க்கொண்டே இருக்கும். முட்டித் திருகலுக்கு வழக்கமாக முதல் கோடுதான். வேறு எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்; காரணம் இருக்கலாம், கை தவறியும் இருக்கலாம். நீங்களாக மாற்றச் சொல்லாதீர்கள்.

அடுத்து இன்சூரன்ஸ் வெப்சைட்டில் உள்ளே போங்கள். 2024 ஜனவரியிலிருந்து எல்லாச் சேவைகளுக்கும் உங்கள் பிளான்படி நீங்கள் கட்டவேண்டிய தொகையைக் காட்டும் வசதியை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கோடைப் போட்டு, பின்கோடைப் போட்டுத் தேடினால் சுற்றுவட்ட சென்டர்கள் வரிசையாக வரும். உங்கள் மருத்துவமனையையும் அதே பட்டியலில் பாருங்கள். மருத்துவமனைகளும் 2021லிருந்து தங்கள் ரேட்டை ஃபைலாகப் போடவேண்டும். லேப்டாப்பில் திறந்து 73721 என்று தேடினால் எந்த இன்சூரன்ஸுக்கு என்ன ரேட் என்று கிடைக்கும். அதெல்லாம் பொறுமை இருப்பவர்களுக்கு. எனக்குப் போன்தான் சரிப்படும்.

பட்டியலில் கீழே இருக்கும் மூன்று நான்கு இடங்களைக் கூப்பிடுங்கள். போன் எடுப்பவர் அப்பாயின்ட்மென்ட் டெஸ்க். விலை கேட்டால் “இன்சூரன்ஸைக் கேளுங்க” என்று வைத்துவிடப் பார்ப்பார். அதற்கு முன் சொல்லுங்கள்: “எனக்கு டிடக்டிபிள் நிரம்பவில்லை, முழுத் தொகையும் நான்தான் கட்டப்போகிறேன். 73721, வலது முட்டி. பில்லிங்கில் யாரையாவது கொடுங்கள்.” நான் கட்டப்போகிறேன் என்றதும் குரல் மாறும். பில்லிங் ஆள் வந்ததும் இரண்டு விலை கேளுங்கள்: என் இன்சூரன்ஸ் வழியாகப் போட்டால் அலவுட் அமவுன்ட் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தத்தில் பேசிய ரேட்) எவ்வளவு, இன்சூரன்ஸே இல்லாமல் இன்று கையில் கட்டினால் எவ்வளவு. இரண்டிலும் ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் சேர்ந்ததா, அவரும் என் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது; கால் ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாமல் போனை வைக்கக்கூடாது.

ரேடியாலஜிஸ்ட் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2022ல் வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, நெட்வொர்க்கில் இல்லாத ரேடியாலஜிஸ்ட்டிடமிருந்து எதிர்பாராத பில் வந்தால் பாதுகாப்பு உண்டு. தனியாக நிற்கும் ஸ்கேன் சென்டர் அந்தப் பாதுகாப்பில் வராது.

இன்சூரன்ஸ் ரேட்டைவிடக் கேஷ் ரேட் குறைவாக இருப்பது சகஜம். சென்டருக்குப் பணம் உடனே வருகிறது, என்னைப் போன்ற ஆளை வைத்து மூன்று மாதம் துரத்த வேண்டியதில்லை. அப்போது கேஷே கட்டிவிடலாமா?

இங்கேதான் அந்த டிடக்டிபிள் கணக்கு. நீங்கள் விசாரித்ததில் ஒரு சென்டர் இன்சூரன்ஸ் வழியாக 520, கேஷ் 375 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிளுக்கு மேல் உங்கள் பங்கு 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்த வருடம் வீட்டில் யாருக்கும் வேறு பெரிய செலவு வராது என்றால் கேஷ். 145 டாலர் மிச்சம். கேஷ் கட்டியது டிடக்டிபிளில் தானாகச் சேராது; சேர்ந்தும் பயனில்லை, எப்படியும் நிரம்பப்போவதில்லை.

ஆனால் உங்கள் கதை முட்டி. மெனிஸ்கஸ் (முட்டிக்குள் இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு) கிழிந்திருந்து, ஆபரேஷன் என்று வந்துவிட்டால் மீதி 3,600ம் எப்படியும் நிரம்பிவிடும். அப்போது இன்சூரன்ஸ் வழியாகப் போன 520, கட்டியே ஆகவேண்டிய அந்த 3,600க்குள் அடங்கிவிடும். ஆபரேஷன் பில்லில் அதே 520 டிடக்டிபிளுக்கு மேலே தள்ளப்படும், அதில் உங்கள் பங்கு 20 சதவீதம்தான். ஆக, எம்ஆர்ஐக்காக நீங்கள் உண்மையில் கூடுதலாகக் கொடுத்தது 520ல் 20 சதவீதம், 104 டாலர். கேஷ் கட்டியிருந்தால் அந்த 375 வெளியே தனியாக நின்றிருக்கும். 271 டாலர் நஷ்டம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கில் மருத்துவமனையின் 1,850ம் கடைசியில் உங்களுக்கு 370தான் கூட்டும். வெளியே மலிவாகத் தேடி கேஷ் கட்டியவரைவிட ஐந்து டாலர் குறைவு! அதற்காக மருத்துவமனைக்கே போங்கள் என்று சொல்லவில்லை. ரேடியாலஜிஸ்ட் பில் தனி, ஆபரேஷன் தேவைப்படாமலும் போகலாம். மலிவான சென்டர், இன்சூரன்ஸ் வழியாக. உங்கள் நிலையில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆபரேஷன் ஆனால் 271 லாபம், ஆகாவிட்டால் 145 நஷ்டம்.

ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பிளான் வருடம் எப்போது முடிகிறது. பெரும்பாலும் ஜனவரி 1ல் டிடக்டிபிள் பூஜ்யத்துக்குத் திரும்பும்; சில கம்பெனிகளில் ஜூலை. எம்ஆர்ஐ டிசம்பரிலும் ஆபரேஷன் ஜனவரியிலும் விழுந்தால் மேலே போட்ட கணக்கு கவிழ்ந்துவிடும். மனைவி, குழந்தைகள் செலவும் அந்த 4,000ல் சேருகிறதா, ஆளுக்குத் தனி வரம்பு உண்டா என்பதையும் பிளான் தாளில் பாருங்கள்.

கேஷ் என்று முடிவு செய்தால், இன்சூரன்ஸ் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. “செல்ஃப்-பே, கிளெயிம் அனுப்ப வேண்டாம்” என்று சொல்லி முழுத் தொகையையும் கட்டிவிட்டால், அந்தத் தகவலை இன்சூரன்ஸுக்கு அனுப்பக்கூடாது என்று கேட்க ஹிப்பா (நோயாளியின் தகவல் ரகசியத்தைக் காக்கும் சட்டம்) விதிப்படி உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சில சென்டர்கள் “உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் இருக்கிறது, கேஷ் ரேட் தரமுடியாது” என்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், அடுத்த நம்பர். செல்ஃப்-பே ஆட்களுக்கு எழுத்தில் குட் ஃபெய்த் எஸ்டிமேட் (எவ்வளவு ஆகும் என்ற நேர்மையான மதிப்பீடு) தரவேண்டும். கேட்டால் மூன்று வேலை நாளுக்குள். அதற்கு மேல் 400 டாலரோ அதிகமோ ஏறி பில் வந்தால் 120 நாளுக்குள் முறையிடலாம். ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு சேமிக்கும்) கணக்கு இருந்தால் கேஷையும் அதிலிருந்தே கட்டலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2026க்குக் குடும்பத்துக்கு 8,750 டாலர்வரை அதில் போடலாம். டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை என்பதால் உங்களுக்கு ஒரு தலைவலி குறைவு. எங்கள் நியூஜெர்சியும் கலிபோர்னியாவும் ஹெச்எஸ்ஏவுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை.

இனி, இன்சூரன்ஸ் வழியாகப் போகிறவர்கள் வழுக்கி விழும் இடம். எம்ஆர்ஐக்குப் பல பிளான்கள் முன் அனுமதி கேட்கும். எங்கள் பாஷையில் ‘ஆத்’. டாக்டர் ஆபீஸ் அந்த ஆத்தை மருத்துவமனை பெயரில் வாங்கியிருக்கும். நீங்கள் இடத்தை மாற்றினால் ஆத்திலும் இடத்தை மாற்றவேண்டும். மாற்றாமல் போய் எடுத்தால் கிளெயிம் சிஓ-197 என்று திரும்பும்: அனுமதி இல்லை. நான் ராத்திரியெல்லாம் போராடிய டினையல்களில் பாதி இந்த வகைதான். புது சென்டரின் பெயர், டாக்ஸ் ஐடி (வரி எண்), என்பிஐ நம்பர் (மருத்துவச் சேவை தருபவரின் அடையாள எண்) மூன்றையும் டாக்டர் ஆபீஸுக்குக் கொடுத்து, “ஆத்தை மாற்றியாச்சா” என்று ஸ்கேனுக்கு முந்தின நாள் ஒரு முறை கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

மலிவு என்றால் படம் மங்கலாக இருக்குமோ என்ற பயத்துக்கு: மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா என்று கேளுங்கள். முட்டிக்கு இரண்டும் போதும். ‘ஓபன் எம்ஆர்ஐ’ பலவற்றில் காந்த பலம் இதைவிடக் குறைவு. மூடிய மெஷினில் படுக்க முடியாதவர்களுக்குத்தான் அது. ஏசிஆர் (அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) பணம் வாங்கும் சென்டர்கள் 2012லிருந்து இப்படி ஏதாவதொரு அங்கீகாரம் வைத்திருக்கவேண்டும் என்பதால், நல்ல சென்டருக்கு இது பெரிய விஷயமில்லை. எலும்பியல் டாக்டரிடம் “நீங்கள் ஏற்றுக்கொள்ளும் சென்டர் எது” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. அவர் “இந்தப் படம் போதாது, திரும்ப எடு” என்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

நம் ஆட்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: “டிசம்பர்ல ஊருக்குப் போறேன், சென்னையில எடுத்துட்டா?” சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும், உண்மைதான். இந்தியாவில் செய்த மருத்துவச் செலவுக்கும் ஹெச்எஸ்ஏ பணத்தை எடுக்கலாம். வருடக்கணக்காக இருக்கும் பழைய வலி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கி வராமல் டைகாம் ஃபைல் (ஸ்கேன் படங்களின் டிஜிட்டல் வடிவம்) உள்ள சிடியைக் கேட்டு வாங்குங்கள், இங்குள்ள டாக்டர் அதைத்தான் திறந்து பார்ப்பார். உங்களுக்கு மூன்று வாரமாக வீக்கம். முட்டி பூட்டிக்கொண்டது போல நீட்டமுடியாமல் நின்றால் ஊர்ப்பயணம், விலைப்பட்டியல் எதுவும் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தலையில் அடி, திடீரென்று கை கால் இழுப்பது, நெஞ்சுவலி போன்றவற்றுக்கும் விலை விசாரிக்கும் பேச்சே கிடையாது.

எக்ஸ்ரேக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை, அலையும் நேரத்துக்கு மிச்சமாகாது. எம்ஆர்ஐ, சிடி, பெட் ஸ்கேன் மூன்றுக்கும்தான் இது. நாற்பது வயதுக்கு மேல் வழக்கமான மம்மோகிராமுக்குப் பெரும்பாலான பிளான்களில் டிடக்டிபிளே கிடையாது, அதற்குப் பணம் கேட்டால் கேள்வி கேளுங்கள்.

ஸ்கேன் முடிந்து உடனே வரும் தாளைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் இஓபி, அதாவது எதற்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று விளக்கும் தாள், வரட்டும். அதில் 73721 இருக்கிறதா, வேறு கோடு ஏறியிருக்கிறதா, அலவுட் அமவுன்ட் போனில் சொன்ன தொகையா என்று பாருங்கள். பில் தொகைக்கும் அலவுட் தொகைக்கும் நடுவில் உள்ளது சிஓ-45 என்று கழிந்திருக்கும். நெட்வொர்க்கில் உள்ள சென்டர் அதை உங்களிடம் கேட்கக்கூடாது. பிஆர்-1 எதிரே உள்ள தொகைதான் உங்களுடையது. சென்டர் பில்லும் அதே தொகையைச் சொன்னால் கட்டுங்கள். பொருந்தவில்லையென்றால் அந்தக் கால் ரெஃபரன்ஸ் நம்பரை எடுத்துக்கொண்டு போனைப் போடுங்கள். எதிர்முனையில் ஒருவேளை என் பழைய டீமில் யாராவது இருக்கலாம். மரியாதையாகப் பேசுங்கள், அவர்களுக்கு அங்கே ராத்திரி இரண்டு மணி.